தட்டாமல் தடவிய கை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கைபேசியை மடியில் கவிழ்த்து வையுங்கள்; கதை முடிகிறவரை அது செத்துப்போய்விடாது. நம் வாகா நகரத்துக் கதை இது. ரத்தம் நிறைய உண்டு, நடுவில் சிரிப்பும் உண்டு. அந்தச் சிரிப்பில்தான் கொலைகாரன் மாட்டிக்கொண்டான். எப்படி என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. கூங்கன் பேட்டையில் இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையின் வாசலில் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். கையில் கல், இடுப்பில் இருந்து உருவிய பெல்ட். இரண்டு பேர் பழைய டயர்களைத் தோளில் மாட்டியிருந்தார்கள்; ஒருவன் பெட்ரோல் போத்தலை இடுப்புத் துணியில் செருகியிருந்தான். உள்ளே கட்டிலில் கிடந்தவன் பெயர் இலேர் தோயே. சனிக்கிழமை மாலை அவனை மொபெட்டிலிருந்து இழுத்துப் போட்டு, ஹெல்மெட்டாலேயே முகத்தில் அடித்திருந்தார்கள். தாடை இரண்டாக உடைந்தது. ஒரு காது பாதி தொங்கியது. மிதித்த மிதியில் விலா மூன்று போயிற்று. செத்துவிட்டான் என்று நினைத்து விட்டுப்போனதால்தான் பிழைத்தான்.

அவன் செய்ததாக ஊர் சொன்னது இது: வியாழக்கிழமை மாலை, ஓதீல் தாப்சோபா என்ற பெண்ணை அவள் வீட்டு முற்றத்திலேயே உலக்கையால் மண்டையில் அடித்துக் கொன்றான்.

ஓதீல் மோஸிப் பெண், இலேர் சாமோப் பையன். மோஸி இனத்துக்கும் சாமோ இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலிமுறை. கண்ட இடத்தில் ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம், வாய் வலிக்கிறவரை திட்டலாம். கோபம் மட்டும் வரக்கூடாது, ரத்தம் சிந்தவே கூடாது. சின்ன வயதிலிருந்து அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த இந்த இரண்டு பேரும் மூன்று வருஷமாகத் தங்கள் சண்டையைக் கைபேசியில் பிடித்துப் போட்டார்கள். எட்டு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஓதீலின் நெடுநெடுவென்ற பின்னல்கள் முதுகு தாண்டித் தொங்கும். பின்னல் முடி விற்கிற ஒரு நிறுவனம்கூட அவளை விளம்பரத்துக்குப் பிடித்து வைத்திருந்தது.

ஒரு பழைய வீடியோவில் இலேர், "ஒரு நாள் உன்னை உரல்ல போட்டு இடிக்கிறேன் பாரு, அடிமை," என்று சொல்லியிருந்தான். அதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். யாரோ அந்தச் சிரிப்பை வெட்டிவிட்டு, மிரட்டலை மட்டும் ஊரெல்லாம் சுற்ற விட்டார்கள். போதாததற்கு, சாமோ முறைக்காரன் மோஸி சாவு வீட்டுக்கு வந்து செத்தவரைப் போல நடித்துக் காட்டிக் கேலி செய்ய வேண்டும் அல்லவா? சனிக்கிழமை அடக்கத்துக்கு இலேர் வரவில்லை. ஊருக்கு அது போதுமாக இருந்தது.

நான்கு மணிக்கு அவனைச் சிறைக்கு மாற்றப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் இருந்தது மூன்று போலீஸ்காரர்கள். வாசலிலிருந்து வண்டிக்குப் பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடியை இலேர் உயிரோடு தாண்டமாட்டான் என்பது அவருக்கும் தெரியும்.

இந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் அசேத்தா பான்சே. இருபத்திரண்டு வருஷம் ஜாந்தார்ம் என்ற ராணுவப் போலீஸில் இருந்தவள், இப்போது தனியாகத் துப்பறிகிறவள். ஒரு முழங்கால் மடங்காது, இரண்டு கண்ணும் தூங்காது. அவளை அனுப்பியது யார் தெரியுமா? செத்தவளின் தாய் போக்கோ அம்மா. இலேர் அதைச் செய்திருக்க மாட்டான், யார் செய்தது என்று நாலு மணிக்குள் சொல் என்று அந்த அம்மா கேட்டிருந்தாள்.

அசேத்தாவின் பின்னால் மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்தவன் அவள் உதவியாள் பாதியோனோ. ஐம்பது வயது, பெரிய வயிறு, பளபளக்கும் வழுக்கை. அசேத்தா பிஸா இனம், அவன் கூருன்ஸி இனம், அவர்களுக்குள்ளும் கேலிமுறைதான்: பிஸாவைக் கடலை தின்னி என்பார்கள், கூருன்ஸியை நாய்க்கறி தின்னி என்பார்கள்.

"நிலக்கடலை அக்கா, கூட்டத்தைப் பாத்தீங்களா? உங்க ஊர்ல கடலை பிடுங்கக்கூட இத்தனை பேர் வரமாட்டாங்க," என்றான்.

"உன் சொந்தக்காரங்க நாய்க்கறி விருந்துன்னு நெனச்சு வந்திருப்பாங்க. வழி விடச் சொல்லு."

இலேரால் பேச முடியவில்லை. காகிதத்தில் எழுதினான். ஏன் அடக்கத்துக்கு வரவில்லை என்று அசேத்தா கேட்டதும் காகிதத்தை மறுபக்கம் திருப்பினான். பிறகு எழுத ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை.

அக்டோபரில் சொந்த ஊரான தோமாவில் அவன் தாய் இறந்துபோனாள். மோஸி முறைக்காரியாக ஓதீல் வந்தாள். இது என் அடிமை, விலை சொல்லாமல் எடுக்க விடமாட்டேன் என்று சவப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். முறைதான், எல்லாரும் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். ஆனால் அவளுக்குப் பின்னால் ப்ரொஸ்பேர் பாரே நின்றான். அவர்களுடைய வீடியோக்களை எடுப்பவன், வெட்டி ஒட்டுபவன், கணக்கை நடத்துபவன் அவன்தான். கைபேசியை அணைக்கச் சொல்லி இலேர் கெஞ்சினான். ரெண்டே நிமிஷம் என்றாள் ஓதீல். பதினொரு லட்சம் பேர் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நாலு மாதம். இலேர் எழுதிய கடைசி வரியை மட்டும் அசேத்தா உரக்கப் படித்தாள்: "கேமரா ஓடினா அடிமைன்னு திட்டிக்குவோம். நின்னா ஒரு வணக்கம்கூட கிடையாது."

சனிக்கிழமை அவள் தெருமுனை வரை போனானாம். மன்னிக்காத வாயால் எப்படிக் கேலி செய்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டானாம்.

"அப்போ சாவு வீட்டுல சாமோ வேலையை யார் பார்த்தது?" என்று கேட்டாள் அசேத்தா.

அவன் பேனா மறுபடி அசைந்தது. ப்ரொஸ்பேர். அவனும் சாமோதான்.

எதிர்த்த கடையில் காப்பியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாவு வீட்டு வீடியோ பாதியோனோவின் கைபேசியில் இருந்தது. யார் கைபேசியில்தான் இல்லை? ப்ரொஸ்பேரே அதைப் போட்டிருந்தான். ஓதீலின் உடையைச் சுற்றிக்கொண்டு, அவள் இடுப்பை ஆட்டுகிற மாதிரியே ஆட்டி உள்ளே வருகிறான். முக்காலியில் உட்காருகிறான், குழம்பைத் தொட்டு நக்கி முகம் சுளிக்கிறான். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டே சிரிக்கிறார்கள். அச்சு அசல் ஓதீல். பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்து, மெல்லப் பிடரி வரை கொண்டுபோகிறான். இரண்டு தரம்.

அசேத்தா வீடியோவை அங்கேயே நிறுத்தினாள். காப்பிக் கடை ரிஹானத்தாவைப் பார்த்து, ஓதீல் மாதிரி செய்து காட்டச் சொன்னாள். ரிஹானத்தா கரண்டியை வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கை வைத்து, மறு கையால் தலையை மூன்று தரம் பட்பட்டென்று தட்டி, "அடிமைகளா, சாப்பாடு ஆச்சா?" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உங்களுக்குத் தெரியாததா? இறுக்கிப் பின்னிய தலை அரிக்கும், சொறிந்தால் பின்னல் கலையும், அதனால் தட்டுவோம். ஓதீல் ஒவ்வொரு வசவுக்கு முன்னாலும் மூன்று தரம் தட்டுவாள். அசேத்தா ரொட்டிக்காரனைக் கேட்டாள், தட்டினான். பஞ்சர் ஒட்டுகிறவனைக் கேட்டாள், கிரீஸ் கையோடு தட்டினான். தெருவில் போன கன்னியாஸ்திரீ ஒருத்தி, முதலில் வெட்கப்பட்டுவிட்டு, முக்காட்டின் மேலேயே தட்டினாள்.

"நானும் செய்யறேன் பாருங்க," என்று பாதியோனோ கையைத் தலைக்குக் கொண்டுபோனான். தட்டத்தான் போனான். வியர்த்த வழுக்கையில் கை பட்டதும் பழக்கத்தில் நெற்றியிலிருந்து பிடரி வரை தடவிவிட்டது.

அசேத்தா கொஞ்ச நேரம் அந்த வழுக்கையையே பார்த்தாள்.

"என்ன அக்கா, இப்பதான் என் அழகு கண்ணுல படுதா?"

"வண்டியை எடு. போக்கோ அம்மா வீட்டுக்கு."

தாபோயாவில் இருந்த அந்த வீட்டு முற்றத்தை மூன்று தரம் கழுவியிருந்தார்கள். உரலின் அடியில் மண் இன்னும் கறுத்தே இருந்தது. போக்கோ அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். அசேத்தா முழங்காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா, அடக்கத்தன்னைக்கு உங்க மகள் தலையில துணி கட்டியிருந்துச்சாமே, கட்டினது யாரு?"

போக்கோ அம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு பையை எடுத்து வந்து அவிழ்த்தாள். உள்ளே ஓதீலின் பின்னல்கள், ஒன்றுகூட விடாமல்.

அவள் சொன்னது இதுதான். வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜெபமாலைக்குப் புறப்பட்டபோது மகள் தலையில் பின்னல் இருந்தது. ஆறு மணிக்குத் திரும்பியபோது மகள் முகம் குப்புறக் கிடந்தாள். பின்மண்டை உள்ளே போயிருந்தது. மூளை தெரிந்தது. தலை முழுக்க மழித்திருந்தது. குளியலறைச் சட்டியில் பின்னல்களும் பிளேடும் கிடந்தன. பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் துக்கத் தலை மழித்தால் ஊர் என்ன சொல்லும்? தாய்க்கே சாவை அழைத்தாள் என்று சொல்லும். மகளுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று, அலறுவதற்கு முன்னால் துணியை எடுத்து இறுக்கிக் கட்டினாள். அதன் பிறகுதான் அலறினாள். குளிப்பாட்டியதும் அவள் ஒருத்தியேதான். போலீஸ்காரர்கள் கிடந்த உலக்கையைப் பார்த்தார்கள், துணியை அவிழ்க்கவில்லை. இந்த உலகத்தில் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தவள் தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

"இன்னொருத்தனும் பார்த்திருக்கான். அவ உயிரோட இருந்தப்போ, அவ தன் புதுத் தலையைத் தடவிக்கிட்டு நின்னப்போ," என்றாள் அசேத்தா.

பையின் அடியில் இன்னும் ஏதோ இருந்தது. அதைப் பார்த்ததும் அசேத்தா பையை மூடி, போக்கோ அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

மருத்துவமனை வாசலுக்கு அவர்கள் திரும்பியபோது மூன்றரை. கூட்டம் அறுநூறாகியிருந்தது. நடுவில் கைபேசி ஸ்டாண்டின் நீண்ட இரும்புக் காலில் கைபேசியைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு நேரலை நடத்திக்கொண்டிருந்தான் ப்ரொஸ்பேர் பாரே. ஓதீலுக்கு நீதி வேண்டும் என்று அழுதான். நாலு மணிக்கு எல்லாரும் தயாராக இருங்கள் என்றான். வியாழன் வரை எட்டு லட்சமாக இருந்த கணக்கில் இப்போது பதினைந்து லட்சம்.

அசேத்தா நேராகப் போய் அவன் தோளைத் தொட்டாள். செத்தவளின் தாய் வந்திருக்கிறாள், அடக்கத்தன்று நீ மகளைப் போலச் செய்ததை அழுகையில் சரியாகப் பார்க்கவில்லையாம், இன்னொரு தரம் பார்க்கவேண்டுமாம் என்றாள். துக்க வீட்டு மோஸித் தாய் கேட்டால் சாமோக்காரன் மறுக்க முடியாது. அதுவும் நேரலையில்.

ப்ரொஸ்பேர் கைபேசிக் காலை பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். இடுப்பை ஆட்டி நடந்தான், குழம்பை நக்கினான், கையைத் தலைக்குக் கொண்டுபோனான்.

தட்டினான். மூன்று தரம், பட்பட்டென்று.

பாதியோனோவின் முகம் விழுந்துவிட்டது. "போச்சு அக்கா," என்று முணுமுணுத்தான்.

"போகலை. நல்லா செஞ்சே தம்பி. எல்லாரும் செய்யற மாதிரி செஞ்சே," என்று அசேத்தா குரலை உயர்த்தினாள். "அப்ப சனிக்கிழமை மட்டும் ஏன் தடவினே? எல்லார்கிட்டயும் அந்த வீடியோ இருக்கு. எடுத்துப் பாருங்க. நாலாவது நிமிஷம்."

அறுநூறு பேரும் கல்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கைபேசியை எடுத்தார்கள். வாசலில் ஒரு நிமிஷம் சாவுவீட்டுச் சிரிப்புச் சத்தம் மட்டும் அறுநூறு இடத்திலிருந்து கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக நின்றது. போக்கோ அம்மா பையிலிருந்து பின்னல்களை எடுத்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். என் மகள் வியாழக்கிழமை நாலு மணிக்குப் பிறகு தலையை மழித்தாள், நான் ஆறு மணிக்கு மூடினேன், நீ எங்கே பார்த்தாய் என்று கேட்டாள்.

ப்ரொஸ்பேர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கைபேசியைத்தான் பார்த்தான். பதினைந்து லட்சம் பேர் அதற்குள் இருந்தார்கள்.

"மூணு வருஷம்," என்றான். "வெயில்ல நின்னு படம் புடிச்சது நான். அவளை அவளாக்கினது நான். என் மூஞ்சி எவனுக்காவது தெரியுமா? மொட்டையடிச்சுட்டு வந்து நிக்கறா. போதும் ப்ரொஸ்பேர், கணக்கை மூடிடு, நாளைக்குத் தோமா போறேன், ஃபோன் வேண்டாம்ங்கறா. என்னைக் கேட்டாளா?"

சொல்லிக்கொண்டே கைபேசியின் இரும்புக் காலைப் பிடுங்கித் தடி போலச் சுழற்றி வீசினான். குறி அசேத்தாவின் தலை. குறுக்கே பாய்ந்த பாதியோனோவின் முகத்தில் விழுந்தது. புருவம் கிழிந்து, கண் ரத்தத்தில் மூடியது. இரண்டாவது வீச்சில் பாதியோனோவின் முன்கை எலும்பு முறிந்த சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது. மூன்றாவதை வீசுவதற்குள் அசேத்தா ப்ரொஸ்பேரின் மணிக்கட்டைப் பிடித்து, தன் மடங்காத காலில் வைத்து, விறகை உடைக்கிற மாதிரி உடைத்தாள். அவன் அலறிக்கொண்டு விழுந்தான்.

அதற்குப் பிறகுதான் அசல் ஆபத்து. இலேருக்காகக் கொண்டுவந்த கல் எல்லாம் கையில் அப்படியே இருந்தது. முதல் கல் ப்ரொஸ்பேரின் வாயில் பட்டுப் பல் தெறித்தது. இரண்டாவது கழுத்தில். ஒருவன் டயரை அவன் தலை வழியாக மாட்டினான். பெட்ரோல் போத்தல் திறந்த வாடை வந்தது. போலீஸ்காரர்கள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அசேத்தா துப்பாக்கி இல்லாமல் வெறும் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள், அவளையும் தள்ளினார்கள். எல்லாருடைய மற்ற கையிலும் கைபேசி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது போக்கோ அம்மா நடந்து வந்தாள். டயரைக் கழற்றி எறிந்தாள். தன் மகளைக் கொன்றவன்மேல், பெட்ரோலில் ஊறிய அவன் உடம்பின்மேல், குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"இவன் சாமோ. இவன் என் அடிமை," என்றாள். "என் பொருள்மேல எவன் கை வைக்கறான்னு பார்க்கறேன்."

சாவு வீட்டில் சிரிப்பதற்காகச் சொல்லுகிற அதே சொல். யாரும் சிரிக்கவில்லை. தீக்குச்சியைப் பிடித்திருந்தவன் கையை இறக்கினான். முறை என்றால் முறை, கண்ணுகளா. மோஸியின் உடம்பைத் தாண்டிச் சாமோவின் ரத்தத்தைத் தொட அந்த வாசலில் ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. ஒவ்வொருவராகக் கல்லைக் கீழே போட்டார்கள். நாலு மணிக்குச் சிறை வண்டியில் ஏறியவன் ப்ரொஸ்பேர்.

போக்கோ அம்மா எழுந்து பெட்ரோல் வாடையோடு இலேரின் கட்டிலுக்குப் போனாள். பையின் அடியில் இருந்ததை அவன் போர்வைமேல் கொட்டினாள். துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற கோலாக் கொட்டைகள், ஒரு பொட்டலம் உப்பு, ஒரு முழம் கறுப்புத் துணி, வெள்ளிக்கிழமை காலை தோமாவுக்குப் போகும் பஸ்ஸின் ஒற்றை டிக்கெட்.

"உன் அம்மாவுக்காகத்தான் மழிச்சா," என்றாள். "மகள் செய்யற மாதிரி. இதை ஃபோன்ல எவனுக்கும் காட்டலை."

இலேர் அந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைந்த தாடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பிறகு காகிதத்தை இழுத்து ஒரே ஒரு சொல் எழுதினான்: சவரக்கத்தி.

தையல் போட்ட தலை, கூடவே கூடாது என்று நர்ஸ் கத்தினாள். பாதியோனோ, கட்டுப் போட்ட கையோடு, அந்த நர்ஸை வராந்தாவுக்கு அழைத்துப்போய் தன் புருவத்தைக் காட்டி ஒப்பாரி வைத்தான். அந்த நேரத்துக்குள் போக்கோ அம்மா தண்ணீர் தொட்டுத் தொட்டு, காயங்களைச் சுற்றிக் கத்தியை நகர்த்தினாள். பாதித் தலைதான் முடிந்தது. அசேத்தா தன் கைபேசியையும், கட்டிலோரம் கிடந்த இலேரின் கைபேசியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வாசலுக்கு வருகிற கால்கள் உங்களைப் பார்க்கவே வரட்டும். உங்கள் வீட்டுத் துக்கத்தில் கையைப் பிடிக்க ஒரு வெறும் கை எப்போதும் இருக்கட்டும். உங்கள் பானை கொதிக்கட்டும், உங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திட்டித் திட்டியே கிழவர்களாகட்டும், அந்த வீட்டில் ஒரு கையும் ஓங்காமல் இருக்கட்டும்.